அறுநூற்றுப் பன்னிரண்டாம் படி

சேவல்மலை முருகனைப் பார்க்க ஆயிரத்து நூற்று எட்டுப் படி ஏற வேண்டும். ஏற மாட்டாதவர்களை மூங்கில் கழியில் கட்டிய நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் ஒருவன் பின்னால் ஒருவன் என்று தோளில் தூக்கிப்போக அடிவாரத்தில் நாற்பது டோலிக்காரர்கள் இருந்தார்கள். நாற்பது பேரில் ஏகாம்பரத்தின் தோளைத்தான் தராசு என்பார்கள். ஆள் உட்கார்ந்ததும் ஒருமுறை எம்பிப் பார்த்துவிட்டு அறுபத்திரண்டு கிலோ என்று அவன் சொன்னால் அறுபத்திரண்டுதான், அறுபத்திரண்டரை கிடையாது. அப்பேர்ப்பட்ட தோள், தை மாதக் கிருத்திகையன்று காலையில், ஐம்பத்தெட்டு கிலோ உடம்புக்காரரான வஜ்ஜிரவேலு முதலாளியை ஏற்றிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தபோது எழுந்திருக்கவில்லை.

பின்கழியைப் பிடித்திருந்த பொன்னுரங்கம் நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தான். "இன்னாபா இது, அய்யா மடியில அம்மிக்கல்லு கிம்மிக்கல்லு வெச்சிகினு கீறாரா?" என்றான். முதலாளி மடியில் ஒரு பால்செம்பும் நாலு வாழைப்பழமும்தான் இருந்தன. தர்மகர்த்தா மார்க்கபந்து பக்கத்திலேயே நின்றிருந்ததால் சட்டென்று இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கழிக்குத் தோள் கொடுக்கச் சொன்னார். நாலு பேரும் முருகா என்று மூச்சைப் பிடித்து எழுந்தார்கள். முதலாளி மட்டும் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு, "இன்னிக்கு என்னமோ ஒடம்பு காத்தாட்டம் கீதுடா ஏகாம்பரம், சக்கரை எறங்கிப்போச்சு போல" என்று சந்தோஷப்பட்டார்.

வஜ்ஜிரவேலு ஈர்க்குச்சி போன்ற ஆள். சேவல்மலைக்கு முன்பக்கம் முருகனுடையது, பின்பக்கம் அவருடையது. முப்பது வருஷமாகப் பின்பக்கத்தில் வெடி வைத்து மலையை ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் லாரியில் ஏற்றி அனுப்பிக்கொண்டே, மாதம் தவறாமல் கிருத்திகைக்கு முன்பக்கமாக வந்து அதே மலையைக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிடுவார். பின்னால் வெடி வெடித்தால் உச்சியில் கோயில் மணி தானாக ஒருமுறை ஆடும். பக்தர்கள் அதையும் முருகன் உத்தரவு என்று கும்பிட்டார்கள். திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்துவிட்டுத் திருவிளக்குப் பூஜை செய்கிற ஊர் அது.

படி ஏற ஏற நாலு பேருக்கும் கழுத்து நரம்பு புடைத்தது. வழியில் மூன்று இடங்களில் சுமைதாங்கிக் கல் உண்டு. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்களின் பாரம் இறங்கட்டும் என்று அந்தக் காலத்தில் நட்டு வைத்தவை. கழியை அதன்மேல் சார்த்தி டோலிக்காரர்கள் இரண்டு நிமிஷம் மூச்சு வாங்குவார்கள். அதைத் தவிர வேறு எங்கேயும் இறக்கக் கூடாது. டோலியில் ஏறியவரின் கால் முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் நடுவில் எந்தப் படியிலாவது பட்டால் அவருடைய வேண்டுதல் பாழ், அந்தப் பாவம் தூக்கினவனை ஏழு ஜென்மத்துக்கு விடாது என்பது டோலிக்காரர்களின் சட்டம். எழுதிவைத்த சட்டம் இல்லை, ஆனால் எழுதிவைத்த எந்தச் சட்டத்தையும் அந்த ஊரில் யாரும் அவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றியது கிடையாது.

மேலே கொண்டுபோய் இறக்கிய பிறகு நாலு பேரும் மண்டபத்தில் சாய்ந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பொன்னுரங்கம், "மூணு பேரும் ஏமாத்திட்டீங்கடா, மொத்தக் கனமும் என் தோள்லதான் இருந்திச்சி" என்றான். மற்ற இரண்டு பேரும் அதையே சொன்னார்கள். ஏகாம்பரமும் அதைத்தான் சொல்ல நினைத்திருந்தான். மொத்தக் கனமும் நாலு தோளிலும் முழுசு முழுசாக இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் தேசம்மா சோறு வடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவர்களுடைய ஒரே மகன் செங்கல்வராயன், பத்தொன்பது வயது, நாலு நாளாக வீட்டுக்கு வரவில்லை. இந்தத் தோள் வேலை என்னோடு போகட்டும், என் பிள்ளை தூக்கக் கூடாது என்று ஏகாம்பரம்தான் அவனை வஜ்ஜிரவேலுவின் குவாரியில் சேர்த்துவிட்டிருந்தான். நாலு நாளைக்கு முன்னால் குவாரியில் பாறைச் சுவர் ஒன்று சரிந்தது. எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று கம்பெனியில் சொன்னார்கள். உங்கள் பையன் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை, கூட்டாளியோடு ஓசூருக்குப் போவதாகப் பேசிக்கொண்டிருந்தான் என்றும் சொன்னார்கள். ஸ்டேஷனில், வயசுப் பையன் எங்கேயாவது சுற்றிவிட்டு வருவான் போய்யா என்று எழுதாமலே அனுப்பினார்கள்.

"ஓசூர் போறவன் சோத்துத் தூக்க எடுத்துகினு போவானாய்யா?" என்று கேட்டாள் தேசம்மா. "பொங்கலுக்கு எடுத்த சட்டை மடிச்சது மடிச்சபடி கீது. ஓசூருக்குப் போறவன் அழுக்குச் சட்டையிலயா போவான்?"

மாசி பிறந்து பத்தாம் நாள் அவளுடைய கேள்விக்குப் பதில் வந்தது. குவாரியில் கம்ப்ரசர் ஓட்டுகிற கஜேந்திரன், பொன்னுரங்கத்தின் மச்சான், குடித்துவிட்டு வந்து ஏகாம்பரத்தின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். "நான் பாத்தேன் மாமா. சோத்துத் தூக்க மரத்துல மாட்டிட்டு குழியில எறங்கனான். அப்பறம் மலையே எறங்கிச்சி. வாயத் தொறந்தா அடுத்த கல்லு என் மேலன்னு சொல்லிகீறாங்க." விடிந்ததும் அவன் அதே வாயால், நான் அப்படி எதுவும் சொல்லவில்லை, போதையில் உளறியிருப்பேன் என்றான். அவனுக்கும் இரண்டு பிள்ளைகள்.

ஏகாம்பரம் அன்று முழுக்கத் தன் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். தை கிருத்திகையன்று தான் தூக்கிப் போனது என்னவென்று இப்போது தெரிந்தது. தன் மகன் மேல் கிடக்கிற கல்லைத் தானே மலை உச்சிவரை சுமந்துபோய், இறக்கிவைத்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அய்யா ஜாக்கிரதையா எறங்குங்க என்றும் சொல்லியிருக்கிறான். அதை நினைக்க நினைக்க அவனுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

ஆனால் ஊருக்கு வேறு கணக்கு இருந்தது. மாசிக் கிருத்திகைக்கு முதலாளியைத் தூக்க எட்டுப் பேர் வேண்டியிருந்தது, பங்குனிக்குப் பதினாறு பேர். மூங்கில் தாங்காமல் தேக்குக் கழி செய்தார்கள். பங்குனியில் அறுநூற்றுப் பன்னிரண்டாம் படியில் இருந்த சுமைதாங்கிக் கல், யாருக்காக நட்டது என்ற எழுத்துக்கூடத் தேய்ந்துபோன பழைய கல், கழியைச் சார்த்தியதும் நடுவில் விண்டு இரண்டாக விழுந்தது. டோலி அடிவாரத் தெருவில் போனால் இரு பக்கமும் ஓட்டு வீடுகளின் சுவர் விரிந்தது. கேட்கப் போனவர்களிடம் தர்மகர்த்தா மார்க்கபந்து சிரித்துக்கொண்டே விளக்கம் சொன்னார்.

"மனுஷனுக்கு ஏதுய்யா இவ்ளோ கனம்? முருகன் அவர் மேல ஏறி உக்காந்துக்கறாரு. பக்தர் தோள்ல சாமி, சாமிய தூக்கறது உங்க தோளு. ஒங்க வீட்டுச் செவுரு விரியறதுன்னா அது புண்ணியம் உள்ள வர்றதுக்கு வழி."

அவ்வளவுதான், ஊர் பிடித்துக்கொண்டது. டோலி வரும்போது பெண்கள் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டார்கள், கைப்பிள்ளைகளைக் கழிக்கு அடியில் நுழைத்து எடுத்தார்கள், விரிந்த சுவருக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். கனம் ஒரு கௌரவமாகிவிட்டது. பக்கத்து ஊர்களிலிருந்து பெரிய மனிதர்கள் தங்கள் கனத்தைத் தெரிந்துகொள்ள வந்தார்கள். ஒரு ரைஸ்மில்காரரை ஆறு பேர் திணறித் தூக்கியபோது அவர் குடும்பமே பூரித்துப்போனது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையை இரண்டே பேர் அலுங்காமல் தூக்கிவிட்டார்கள் என்பதற்காக, இவ்வளவு லேசான ஆளுக்கா பெண் கொடுப்பது என்று பெண்வீட்டார் முகம் சுளித்தார்கள். அந்த மாப்பிள்ளை அடுத்த வாரம் இடுப்பில் எடைக்கல்லைக் கட்டிக்கொண்டு வந்து மறுபடி ஏறினான். கெட்டதைக் கெட்டது என்று தோள் சொல்கிறது, நெஞ்சு கேட்க மாட்டேன் என்கிறது. கேட்டால், மறுநாள் காலையில் யாரைக் கண்டு கும்பிடுவது என்று அதற்குத் தெரியாது.

அது சாமியின் கனம் இல்லை என்று டோலிக்காரர்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவர்களிடமிருந்தும் ஒரு தப்பு எண்ணம் கடைசிவரை போகவில்லை. எட்டுப் பேர் போதாது என்றால் பதினாறு, பதினாறு போதாது என்றால் இருபது, ஆளைக் கூட்டினால் பாரம் குறையும் என்று நம்பினார்கள். காலம் காலமாகப் பாரத்தைப் பங்கு போட்டுப் பிழைத்தவர்கள் வேறு எப்படி நம்புவார்கள்? ஆனால் அந்தப் பாரம் பங்காகவில்லை. பதினாறு பேர் தூக்கினால் பதினாறு பேருக்கும் ஆளுக்கொரு முழு மலை. சித்திரையில் ஒருவனுக்கு முதுகுத்தண்டு நகர்ந்தது. வைகாசியில் இரண்டு பேர் ரத்தமாகத் துப்பினார்கள். முதலாளியோ மாதத்துக்கு மாதம் தளதளவென்று ஆனார், மாத்திரையைக்கூட விட்டுவிட்டார்.

"ஏன்யா, நீங்க எதுக்குயா தூக்கறீங்க?" என்று ஒரு நாள் தேசம்மா கேட்டாள். ஏகாம்பரத்தின் தோளில் காய்த்துப் புண்ணான இடத்தில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள், கையை எடுத்துக்கொண்டாள். "என் புள்ள மேல கல்லப் போட்டுட்டு அந்தாளு தெனமும் பஞ்சு மெத்தைல தூங்கறான். கனம் அவனுக்கு இல்ல, உனக்கு. பாவம் பண்ணவன் ஒருத்தன், சொமக்கறவன் ஒருத்தனா? நீ தூக்கறதாலதான்யா அவன் மேல போறான்."

"தூக்கமாட்டேன்னா வேற யாருனா தூக்குவான்மே."

"அவனும் ஒரு புள்ளய பெத்தவனாத்தான் இருப்பான்," என்று சொல்லிவிட்டு அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆடிக் கிருத்திகைக்கு முதலாளி முருகனுக்கு வெள்ளிக் கவசம் சாத்துவதாக ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். மறுநாள் முதல் பழைய குழியை மண் கொட்டி மூடி, மேலே மரக்கன்று நட்டு, பசுமைத் திட்டம் என்று பெயர் வைக்கப்போகிறார்கள் என்றும் அதே போஸ்டரில் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. ஏகாம்பரம் அதை எழுத்துக்கூட்டிப் படித்தான். குழியை மூடிவிட்டால் செங்கல்வராயன் என்றைக்கும் ஓசூரில்தான் இருப்பான். செத்தான் என்று சொல்லி ஒரு பிடி வாய்க்கரிசி போடக்கூடத் தேசம்மாவுக்கு வழி இருக்காது. அவள் ஆறு மாதமாக அழவும் இல்லை, நெற்றியில் பொட்டு வைக்கவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

ஆடிக் கிருத்திகையன்று காவடிக் கூட்டத்தில் மலை மஞ்சளாக இருந்தது. முன்னால் மேளம், அதற்குப் பின்னால் வெள்ளிக் கவசத் தட்டு, அதற்கும் பின்னால் பதினாறு பேர் தூக்கிய டோலி. தேசம்மா காவடிக்காரர்களோடு கலந்து ஏறிக்கொண்டிருந்தாள். நூறு படி, இருநூறு படி என்று ஏகாம்பரம் எண்ணிக்கொண்டே போனான். ஐந்நூறைத் தாண்டியதும் எண்ணிக்கை மறந்து, கல்லுக்கு அடியில் ஒரு பையன் எப்படி மூச்சு விடுவான் என்பது மட்டும் நினைவில் நின்றது, ஏனென்றால் அப்போது அவனும் அப்படித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அறுநூற்றுப் பன்னிரண்டாம் படியில் உடைந்த சுமைதாங்கி கிடந்தது. சார்த்த இடமில்லாமல் பதினாறு பேரும் தயங்கினார்கள்.

மேலேயிருந்து முதலாளி, "ஏண்டா நிக்கறீங்க? நல்ல நேரம் போவுது, தூக்குங்கடா" என்றார்.

ஏகாம்பரம், "எறக்குங்கடா" என்றான்.

"டேய், வேணாம்டா" என்று பின்னாலிருந்து அலறினான் பொன்னுரங்கம். "ஏழு சென்மத்துக்கு உடாதுடா."

"ஏழு சென்மத்துப் பாவத்தயும் நானே சொமந்துக்கறேன். இவன இனிமே ஒரு படி சொமக்க மாட்டேன்."

அவன் முழங்கால் மடிந்தது. அதைப் பார்த்து அடுத்தவனுடைய முழங்கால், பிறகு அதற்கும் அடுத்தவனுடையது, பொன்னுரங்கத்தினுடையது கடைசியாக. பங்கு போட்டால் குறையாத பாரத்தை இறக்கி வைக்க மட்டும் பதினாறு பேரும் சேர வேண்டியிருந்தது. நாற்காலி படியில் உட்கார்ந்தது, முதலாளியின் இரண்டு கால்களும் கல்லில் பட்டன.

மேளம் நின்றது. ஐயோ அபச்சாரம் என்று கூட்டம் கத்தியது, ஒரு காவடிக்காரன் ஏகாம்பரத்தைக் கன்னத்தில் அறைந்தான், தர்மகர்த்தா மார்க்கபந்து மேல்மூச்சு வாங்க ஓடிவந்து, "பாவி, மகாபாவி, சாமி பாரத்தை நடுவழில எறக்கிட்டியேடா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அந்த மலையில் யாரையும் பார்த்துப் பாவி என்று யாரும் சொன்னதில்லை. முதல்முதலாகச் சொல்ல அவருக்கு ஏகாம்பரம்தான் கிடைத்தான்.

"உடுங்கய்யா, இந்த நாய்ங்க எதுக்கு? எனக்கு ஒடம்பு காத்தாட்டம் கீது, நானே ஏறிடறேன்" என்று சொல்லி முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். அடுத்த படிக்குக் காலைத் தூக்கினார். கால் வரவில்லை. இரண்டு கையாலும் தொடையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஆறு மாதமாக டோலிக்காரர்களுக்குத் தெரிந்த கனம் அன்றைக்குத்தான் அதற்குச் சொந்தக்காரரின் காலில் இறங்கியது. அவருடைய வாய் கோணிக்கொண்டது, வெள்ளை ஜிப்பா வியர்வையில் ஒட்டிக்கொண்டது. இருபது வாலிபர்கள் ஓடிவந்து அவரைத் தூக்கப் பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு மலை தோளில் ஏறியதும் இருபது பேரும் கையை உதறிக்கொண்டு விலகினார்கள்.

தேசம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "என் புள்ள எங்கய்யா?"

"ஓசூர்ல..." என்று ஆரம்பித்தார் முதலாளி. காலுக்கு அடியில் படிக்கல் படீரென்று விண்டு ஒரு விரற்கடை இறங்கியது. "அன்னிக்கு அவன் வேலைக்கே வரலம்மா" என்றார். இன்னொரு விரற்கடை. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. பொய் சொன்னால் பூமி பிளக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தவர்கள்தான் எல்லாரும், பிளப்பதை யாரும் பார்த்ததில்லை.

மூன்றாவது தடவை அவர் கணுக்கால் வலி பொறுக்காமல் அழுதார். "வந்தான். வேலைக்கு வந்தான். குழியிலதான் கீறான். மேல கல்லு கெடக்குது, எடுத்தா குவாரிய மூடிருவாங்கன்னு உட்டுட்டேன். போதுமா? இப்ப தூக்குங்க, யாருன்னா தூக்குங்க."

கல் அதற்குமேல் இறங்கவில்லை, காலும் எழும்பவில்லை.

"யாரு கீறான்?" என்று கேட்டாள் தேசம்மா. "பேரச் சொல்லு."

முதலாளி அவளையும் ஏகாம்பரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இவன் புள்ளதான்... டோலிக்காரன் புள்ள." கால் எழும்பவில்லை. "கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தானே, அவன்." எழும்பவில்லை. அவருக்குப் பேர் தெரியாது. மறைத்ததல்ல, மறந்ததுமல்ல, தெரியவே தெரியாது. ஒருவனைக் கொன்று அவன்மேல் மலையைப் போட்டு மூடி, அவன் தகப்பன் தோளிலேயே ஆறு மாதம் ஏறி ஏறிச் சாமி கும்பிட்ட மனிதருக்கு, அந்தப் பையனை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை. ஏகாம்பரத்துக்கு வாய்வரை வந்த பேரை அவன் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினான். அதைக்கூட எடுத்துக் கொடுத்தால் அது இன்னொரு தடவை தூக்கியதாகும்.

முதலாளி செல்போனை எடுத்துக் குவாரி மேனேஜரைக் கூப்பிட்டார். காதுவரை தூக்கக் கை எழவில்லை, ஸ்பீக்கரில் போட்டுப் படியில் வைத்தார். "தை மாசம் சரிஞ்சுதே, அப்ப உள்ள இருந்தவன் பேரு இன்னாய்யா?"

"ஆளுங்க பேரு எழுதற மஸ்டர்ல கிழிக்கச் சொன்னீங்களே, அந்தப் பக்கமா மொதலாளி?" என்றது போன். "கிழிச்சேன், ஆனா போடல. நாளைக்கு என் தலைல கட்டிருவீங்கன்னு நான்தான் எடுத்து வெச்சிகீறேன். படிக்கவா? மொத பேரு சுதாம் நாயக், ஒடிசாக்காரன்."

முதலாளி யோசிக்காமல், "சுதாம் நாயக்" என்று சொன்னார். வலது கால் எழும்பியது. அவர் மேல்படியில் வைக்கப் பார்த்தார், அது அங்கே போகவில்லை. கீழ்ப்படியில்தான் போய் நின்றது, இடது காலும் கூடவே இறங்கியது. சுதாம் நாயக் யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஏகாம்பரம் ஆறு மாதமாகத் தன் பிள்ளை மட்டும் அங்கே தனியாகக் கிடப்பதாக நினைத்திருந்தான்.

"ரெண்டாவது மாரக்கா, ஆந்திராவுலருந்து கல் பொறுக்க வந்தவ."

"மாரக்கா." இன்னொரு படி இறங்கினார்.

"மூணாவது லோக்கல் பையன். செங்கல்வராயன்."

"செங்கல்வராயன்" என்றார் வஜ்ஜிரவேலு, பாரம் தீர்ந்த அவசரத்தில், பஸ்ஸில் ஊர் பேர் சொல்கிற மாதிரி. கருத்தரிக்காத பன்னிரண்டு வருஷம் கிருத்திகைக்குக் கிருத்திகை பட்டினி கிடந்து, பெற்று, மலைச்சாமியின் பேரையே வைத்த பிள்ளையின் பேர் அந்த வாயிலிருந்து வந்ததைக் கேட்க ஏகாம்பரத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தேசம்மா அந்த இடத்திலேயே தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்து, ஆறு மாதமாக அடக்கிவைத்திருந்த ஒப்பாரியை எடுத்தாள்.

அறுநூற்று ஒன்பதாம் படியில் நின்றுகொண்டு முதலாளி, "அப்பறம்?" என்று கேட்டார்.

"அவ்ளோதான் மொதலாளி. பக்கம் முடிஞ்சிபோச்சி."

அவர் காலை இழுத்தார். வரவில்லை.

பதினாறு பேரும் அவரை அப்படியே விட்டுவிட்டுத் தேக்குக் கழிகளை உருவிக்கொண்டு மலையைச் சுற்றிப் பின்பக்கம் போனார்கள். கழியைக் கல்லுக்கு அடியில் கொடுத்து நெம்பினார்கள். காவடிக்காரர்களில் பாதிப் பேர் கூடப் போனார்கள், ஏகாம்பரத்தை அறைந்தவனும் போனான். கஜேந்திரன் வெட்கப்பட்டுக்கொண்டே வந்து எந்த இடம் என்று காட்டினான். மூன்றாம் நாள் மூன்று பேரும் கிடைத்தார்கள். எலும்பும் துணியும்தான் மிச்சம். ஆனாலும் செங்கல்வராயனை டோலியில் வைத்து முன்னால் ஏகாம்பரமும் பின்னால் பொன்னுரங்கமும் தூக்கியபோது, தோளில் ஐம்பத்து நாலு கிலோ இருந்தது. அவன் உயிரோடு இருந்தபோது என்ன எடையோ அதேதான், ஒரு குண்டுமணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சுதாம் நாயக்குக்கும் மாரக்காவுக்கும் அழ ஊரில் ஆள் இல்லாததால் தேசம்மா மூன்று பேருக்கும் நடுவில் உட்கார்ந்து மூன்று பேரையும் பேர் சொல்லி அழுதாள்.

அதற்குப் பிறகு ஊர் திருந்திவிட்டது என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன், எனக்கும் காலுக்கு அடியில் ஒரு கல் இருக்கிறது. போலீஸ் படியேறி வந்து எழுதிக்கொண்டு போயிற்று, கைது செய்யத் தூக்க முடியவில்லை. வெயில் படுகிறதே என்று தர்மகர்த்தா மார்க்கபந்து அறுநூற்று ஒன்பதாம் படிக்கு மேல் தகரப் பந்தல் போட்டுக் கொடுத்தார். பந்தல் இருந்தால் விளக்கு வேண்டும், விளக்கு இருந்தால் கற்பூரம் வேண்டும், இப்போது போகிறவர்களில் சிலர் அங்கேயும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போகிறார்கள். குவாரியை முதலாளியின் மருமகன் வேறு பேரில் எடுத்திருக்கிறான். பின்னால் வெடி வெடித்தால் உச்சியில் மணி ஆடுகிறது, பந்தலுக்கு அடியில் வஜ்ஜிரவேலுவின் படி ஒரு நூல் இறங்குகிறது.

அவர் இரவு பகலாக வாயில் வந்த பேரையெல்லாம் சொல்லிப் பார்க்கிறார். கந்தன், காத்தவராயன், சின்னப்பையன், பாபு. அவர் ஜெபம் செய்வதாக நினைத்துச் சிலர் கூடவே சொல்கிறார்கள். ஒன்றும் நகரவில்லை. முப்பது வருஷத்துக் குவாரியில் எத்தனை பேர் என்று எந்த மஸ்டரிலும் இல்லை.

ஏகாம்பரம் இன்னும் டோலி தூக்குகிறான். ஐப்பசியில் ஒரு நாள் கண் தெரியாத ஒரு டீச்சரம்மாவை, நாற்பத்தேழு கிலோ, ஏற்றிக்கொண்டு அந்தப் பந்தலைக் கடந்தபோது முதலாளி கையை நீட்டிக் கூப்பிட்டார். குரலில் பழைய அதட்டல் இல்லை.

"ஏகாம்பரம், நில்லுப்பா. எனக்கு ஒருத்தன் பேரும் தெரியலப்பா. ஒனக்கு யாருன்னா தெரியுமா?"

டோலியில் ஆள் இருக்கும்போது நடுவழியில் நிற்கக் கூடாது என்பதால் ஏகாம்பரம் நிற்கவில்லை.

"எறங்கி வந்து ஊர்ல விசாரிங்க மொதலாளி," என்று சொல்லிவிட்டு அடுத்த படியில் கால் வைத்தான். முதலாளி இறங்கி வர இன்னும் அறுநூற்று ஒன்பது படி இருந்தது.